பெருவழியும் பந்தியும்

சென்னையிலிருந்து செங்கல்பட்டு, மதுராந்தகம், அச்சிறுபாக்கம் வழியாகத் தெற்கே செல்லும் ஜி.எஸ்.டி. சாலை, மோட்டார் வண்டிகள் வருவதற்கு முன்பு நடந்தும் மாட்டு வண்டியிலும் சென்றோரின் பெருவழியாக இருந்தது. அவர்களுக்கு இரவில் ஒதுங்க இடம் தந்தவை சத்திரங்கள். தூண்கள் தாங்கிய தாழ்வாரமும் கிணறும் பின்கட்டில் அடுக்களையும் கொண்ட அந்த அறக்கட்டடங்களின் அடுப்பு எரிந்தது, அரசரோ வணிகரோ எழுதிவைத்த மானிய நிலத்தின் விளைச்சலால்தான். ஆகவே நிலம் கைமாறினால் அடுப்பும் அணைந்தது. 1763-இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து செங்கல்பட்டுச் சீமையை ஜாகீராகப் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி, 1817-ஆம் ஆண்டின் 7-ஆம் ஒழுங்குவிதியால் கோயில் மானியங்களோடு சத்திர மானியங்களையும் வருவாய் வாரியத்தின் மேற்பார்வைக்குள் கொண்டுவந்தது. பின்னாளில் பல சத்திரங்கள் ஜில்லா போர்டுகளின் பொறுப்புக்குச் சென்றன.

அறமாக இருந்தும் அந்தப் பந்தி எல்லோருக்கும் பொதுவாக இருக்கவில்லை. பல சத்திரங்களில் சமைத்த சோறு பிராமணருக்கே இடப்பட்டது. பிற சாதியாருக்கு அரிசியும் பருப்பும் படியாக அளக்கப்பட்டன. தீண்டப்படாதோர் என ஒதுக்கப்பட்டோர் வாசலையே தாண்ட முடியவில்லை. வழியோர உணவின் வரலாற்றை விலையையும் சுவையையும் கொண்டு எழுதுவது எளிது. ஆனால் யார் யாரோடு உட்கார்ந்தார் என்பதைக் கேட்காத வரலாறு பாதி வரலாறுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரயில் வந்து ஒரு நாள் நடையைச் சில மணி நேரமாக்கியபோது சத்திரத்தின் தேவை குறைந்து, காசுக்குச் சோறு விற்கும் கடைகள் பெருகின. தங்குமிடத்தைக் குறித்த 'ஹோட்டல்' என்னும் சொல் தமிழில் சாப்பாட்டுக் கடையைக் குறிக்கலானது. மாமல்லபுரத்துச் சிற்பங்களைக் காண வந்தவர்கள் செங்கல்பட்டில் இறங்கி, திருக்கழுக்குன்றம் வழியாக ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வண்டியில் சென்றனர். அல்லது சென்னையிலிருந்து பக்கிங்காம் கால்வாயில் படகேறினர். 

காசு கொடுத்தாலும் பந்தி பிரிந்தே கிடந்தது. 'பிராமணாள் காபி கிளப்' என்னும் பலகைகளும், உள்ளறை ஒருவருக்கு, வெளிக்கூடம் மற்றவருக்கு என்ற ஏற்பாடும், சிலருக்கு அறவே நுழைவில்லை என்ற தடையும் இரயில் நிலைய உணவுச்சாலைகள் வரை நிலவின. இதை உடைத்தவர்களில் முதன்மையான ஒருவர் செங்கல்பட்டு மாவட்டத்துக்காரரே. கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலை, கிணறு, பொதுமக்கள் கூடும் இடம் ஆகியவற்றில் எவரையும் தடுக்கலாகாது என்ற தீர்மானத்தை 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றினார். அரசும் அதை ஏற்று ஆணையிட்டது. 1929 பிப்ரவரியில் சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு செங்கல்பட்டில் கூடிச் சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. இரயில் நிலையங்களின் தனிப்பந்தி 1941-இல், பெரியாரின் கிளர்ச்சியை ஒட்டி, நீங்கியது. 1950-இல் அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு கடைகளையும் உணவுச்சாலைகளையும் பெயர் சுட்டியே திறந்துவிட்டது.

சட்டம் ஒன்றே ஆனாலும் அது எங்கும் ஒரே வேகத்தில் வேர்பிடிக்கவில்லை. பேருந்து நின்று கிளம்பும் சிறு இடைவேளைக்குள் இலை போட்டு எடுக்க வேண்டிய பெருவழி ஹோட்டலில், எதிரில் அமர்ந்தவர் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்க நேரமும் இல்லை, அறிய வழியும் இல்லை. பின்னர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை எழுந்த உணவகங்களும் முகமறியாதவர்களை நம்பியே அடுப்பு மூட்டின. ஒருவரையொருவர் தெருப்பெயரோடு அறிந்த தமிழகத்துச் சிற்றூர்களிலோ, பல தேநீர்க் கடைகளில், ஒரு சாராருக்கெனத் தனிக் குவளையை ஒதுக்கிவைக்கும் இரட்டைக் குவளை முறை, தீண்டாமையைக் குற்றமாக்கிய 1955-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் நீடித்தது.