வயிற்று வலி

எங்கள் மாவட்டத்தில் உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் பற்றிய செய்திகளில் ஒரு காரணம் மட்டும் மாறாமல் வரும்: தீராத வயிற்று வலி. மயிலம், வானூர், மரக்காணம், செஞ்சி என்று ஊர் மாறும். பெயரும் வயதும் மாறும். வலி மாறாது. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலுமாக இருபத்து நான்கு வருடம் மனநல ஆலோசகராக வேலை பார்த்தவள் நான். ஜனங்களுக்குக் 'கவுன்சிலிங் மேடம்'. அந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம், இவர் எதை யாரிடம் சொல்ல முடியாமல் போனார் என்றுதான் நினைப்பேன்.

இந்த வயிற்று வலிக்கு ஒரு சட்ட வரலாறு இருக்கிறது. 1860-ல் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, உயிரை விடத் துணிந்து பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை என்றது. அப்படி ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தால் ஆஸ்பத்திரியில் முதலில் ஏ.ஆர். போடுவார்கள். விபத்துப் பதிவேடு. தகவல் போலீசுக்குப் போகும். கொஞ்ச நேரத்தில் ஏட்டு நோட்டோடு வந்து கட்டிலருகே நிற்பார். இந்தப் பக்கம் மாமியார், அந்தப் பக்கம் புருஷன், கால்மாட்டில் ஊர்க்காரர் நாலு பேர். "எதுக்கும்மா இப்படிப் பண்ணே?" அத்தனை பேர் முன்னால் அந்தப் பெண் வேறு என்ன சொல்வாள்? "வயித்து வலி சார்."

அந்தச் சொல் பலரைக் காத்தது. பிழைத்தவரை மேற்கொண்டு வரும் கேள்விகளிலிருந்து, கல்யாணமாகாத பெண்ணை ஊர் வாயிலிருந்து. அதே சொல்தான் அடித்தவனையும் காத்தது. கல்யாணமான ஏழு வருடத்துக்குள் ஒரு பெண் இப்படி இறந்தால் தனி விசாரணை வேண்டும் என்று 1983-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆர்.டி.ஓ. விசாரணை என்று ஊரில் சொல்வது அதைத்தான். அங்கேயும் வயிற்று வலி வந்து சாட்சி சொன்னதை நான் அறிவேன்.

இந்த மண்ணில் மனதில் உள்ளதைக் கொட்ட வேறு இடமே இல்லாமலும் இல்லை. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அமாவாசை இரவு நின்று பார்த்திருக்கிறேன். தலைவிரிகோலமாக ஆடும் பெண், கொழுந்தன் செய்த அநியாயத்தை ஆயிரம் பேர் நடுவே கத்திச் சொல்வாள். விடிந்தால் யாரும் அவளிடம் கணக்குக் கேட்பதில்லை. பேசியது அவளல்ல, சாமி. நான் கல்லூரியில் படித்த ரகசியக் காப்பு மூடிவைக்கும் வகை. இது வேறு வகை: சொல்லை வெளியே விட்டு, சொன்னவளைக் காப்பாற்றுவது. படிக்காத ஜனங்கள் கண்டுபிடித்த ஏற்பாடு இது. எனக்கு அதன்மேல் மிகுந்த மரியாதை உண்டு.

நான் தவறிய இடத்தையும் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிது. மருத்துவமனையின் பெயர் வேண்டாம். மல்லாட்டை பறிக்கும் குடும்பத்துப் பெண், வயது இருபத்திரண்டு இருக்கும். பிழைத்து மூன்றாம் நாள், மாமியார் டீ வாங்கப் போன நேரத்தில், வீட்டுக்குள்ளேயே தனக்கு நடந்ததைச் சொன்னாள். டாக்டர்கள் கேஸ் ஷீட்டில் ஆங்கிலத்தில் எழுதுவார்கள். நான் விவரமாக இருக்கட்டும் என்று தமிழில் மூன்று வரி எழுதினேன். கேஸ் ஷீட் கட்டில் காலில் தொங்கியது. பள்ளிக்கூடம் போன கொழுந்தன் அதை எடுத்து வாசித்துவிட்டான். சாயந்திரமே, சொந்தப் பொறுப்பில் அழைத்துப் போகிறோம் என்று கையெழுத்துப் போட்டு வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவள் மறுபடி வரவில்லை. அன்றிலிருந்து பெயருக்குப் பதில் எண் போட்ட தனி நோட்டு, பூட்டிய பீரோ, சாவி என் இடுப்பில். அந்தப் பெண்ணுக்கு அது உதவவில்லை.

அப்போது எங்களைப் பிடித்து நிறுத்தத் தெளிவான சட்டமும் இல்லை. 1872-ஆம் வருட சாட்சியச் சட்டம் வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதைக் காத்தது. மருத்துவருக்கோ ஆலோசகருக்கோ அந்தச் சலுகை கிடையாது. கோர்ட் கேட்டால் சொல்லியே ஆக வேண்டும். 2018 மே 29-ல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 தான் 23-ஆம் பிரிவில் ரகசியத்தை நோயாளியின் உரிமை என்று எழுதியது. அதன் 115-ஆம் பிரிவு, பிழைத்தவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்றது. 2024 ஜூலை 1-ல் புதிய தண்டனைச் சட்டம் வந்தபோது பழைய 309 அதில் இடம்பெறவில்லை.

ரகசியத்துக்கு எல்லையும் அதே 23-ஆம் பிரிவில் இருக்கிறது: இன்னொருவருக்கு ஆபத்து, உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு, பொதுமக்கள் பாதுகாப்பு. உலகம் இதை ஒரு சாவிலிருந்து கற்றது. கலிபோர்னியாவில் படித்த ஒரு வங்காள மாணவர், ஒரு பெண்ணைக் கொல்லப்போவதாகத் தன் ஆலோசகரிடம் சொன்னார். ஆலோசகர் பல்கலைக்கழகப் போலீசிடம் சொன்னார். அந்தப் பெண்ணிடம் யாரும் சொல்லவில்லை. 1969-ல் அந்தப் பெண் கொல்லப்பட்டார். ஆபத்தில் இருப்பவரைக் காப்பதும் ஆலோசகரின் கடமை என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் 1976-ல் தீர்ப்பளித்தது. நம் ஊரில் போக்சோ சட்டம் (2012) இன்னும் கண்டிப்பானது. பதினெட்டு வயதுக்குக் கீழுள்ள பிள்ளைக்கு நடந்த பாலியல் கொடுமை தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாவிட்டால் அது குற்றம்.

காக்க வேண்டிய மௌனம் எது, உடைக்க வேண்டிய மௌனம் எது என்பதை 2023 பிப்ரவரியில் விக்கிரவாண்டி அருகே குண்டலப்புலியூரில் ஒரு காப்பகத்தில் பார்த்தோம். அங்கே சேர்த்த முதியவரைப் பார்க்கப் போன உறவினருக்கு ஆளைக் காட்ட முடியவில்லை. உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகே கதவு திறந்தது. உரிமம் இல்லாத அந்தக் காப்பகத்திலிருந்து 140-க்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள்.

என் தீர்ப்பு இதுதான். ரகசியம் சொன்னவருடையது. எல்லை தாண்டிச் சொல்லவேண்டி வந்தால், காப்பாற்றக் கூடியவரிடம் சொல்ல வேண்டும், ரகசியத்தைச் சொன்னவர் யாரைக் கண்டு பயப்படுகிறாரோ அவரிடம் அல்ல. எதை எல்லாம் மறைக்க முடியாது என்பதை முதல் நாளே, அவர் வாய் திறக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஆலோசனைக்குப் போகிறவர்களே, அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பேசுங்கள். உங்கள் சார்பில் முடிவு சொல்லப் புருஷனோ மாமியாரோதான் வேண்டும் என்றில்லை. உங்களுக்கு நம்பிக்கையான, சம்மதிக்கிற ஒருவரை நீங்களே நியமிக்கலாம். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி அதற்கு ஒரு வெள்ளைத்தாள் போதும், கைநாட்டும் செல்லும். மனம் தாங்காத நேரத்தில் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள். இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். அங்கே வயிற்று வலி என்று சொல்லத் தேவையில்லை.