நரியாகிப் போன பரிகள்

நரி பரியான கதையைத் திருவிளையாடற் புராணம் வழியே நாம் அனைவரும் அறிவோம். குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்தனுப்பிய பொருளைத் திருப்பெருந்துறையில் கோயில் திருப்பணிக்குச் செலவிட்டுவிடுகிறார் வாதவூரர். இறைவன் நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டி வருகிறான். இரவில் அவை மீண்டும் நரிகளாகின்றன. இலாயத்தில் நின்ற பழைய குதிரைகளையும் குதறிவிட்டு ஓடிவிடுகின்றன. பக்திக் கதையாகவே நாம் வாசித்துப் பழகிய இதன் அடியில் ஓர் அரசாங்கக் கவலையும் ஒளிந்திருக்கிறது. குதிரைக்கெனக் கருவூலத்தைத் திறக்கவேண்டும், கடற்கரை வரை சென்று வாங்கவேண்டும், வாங்கியதோ நிலைக்காது.

குதிரை கடல்வழி வந்த செய்தி பட்டினப்பாலையிலேயே உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, அரசன் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்க விரும்புகிறான் என்றும், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதுகிறார். அடுத்த தலைமுறையில் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் இறங்கியதாகவும், ஒன்றின் விலை 220 செம்பொன் தினார் என்றும், வழியில் இறந்தவற்றுக்கும் விலை தரப்பட்டது என்றும் குறிக்கிறார். கோயில்களின் உபரி வருவாயிலிருந்தும் அந்தப் பணம் வந்தது என்பது அவர் கூற்று. புராணத்தில் குதிரைப் பணம் கோயிலுக்குப் போகிறது. வரலாற்றில் கோயில் பணம் குதிரைக்குப் போயிருக்கிறது.

பயணிகளின் எண்களைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் வியப்புக் குறையாது. விஜயநகரத்துச் சாளுவ நரசிம்மன், கடலில் மடிந்த குதிரையின் வாலைக் கொண்டுவந்து காட்டினாலே விலை கொடுத்தான் என்று போர்த்துக்கீசியரான நூனிஸ் எழுதினார்.

இத்தனை பொன் கொட்டியவர்கள் ஏன் இங்கேயே குதிரையை ஈன வைக்கவில்லை? தட்பவெப்பம் ஒத்துவரவில்லை என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் விடை. நல்ல ஆண்குதிரையும் நல்ல பெட்டைக்குதிரையும் சேர்ந்தாலும் இந்நாட்டில் கால் வளைந்த, ஏறுவதற்கு உதவாத குட்டியே பிறக்கிறது என்று போலோவும் சொல்கிறார். இந்த விடை எவ்வளவு தூரம் செல்லும் என்று பார்ப்போம்.

பெட்டைக்குதிரைக்குச் சினைப்பருவம் ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை வரும். ஐந்து முதல் ஏழு நாள் நீடிக்கும். பகல் நீளும் பருவத்தில் அது தழைக்கும். குளிர்நாடுகளின் குறும்பகல் மாதங்களில் அடங்கிக் கிடக்கும். தெற்கே பகல் அவ்வளவு குறுகுவதில்லை. ஆகவே கருத்தரிப்பதற்கு நம் வானம் பெரும் தடை அன்று. கர்ப்பகாலம் பதினோரு மாதம். ஈனுவது பெரும்பாலும் ஒரே குட்டி. இரட்டை தங்கினால் இரண்டையும் இழப்பதே மிகுதி. பிறந்த குட்டி போருக்கு ஏறத் தகுதிபெற மேலும் நான்கைந்து ஆண்டுகள். பெட்டைகளில் பாதி ஆண்டுதோறும் நலமாக ஈன்றாலும், இரண்டாயிரம் குட்டிகளுக்கு நாலாயிரம் பெட்டைகள் வேண்டும். அவற்றோடு, இன்னும் ஏறமுடியாத பல ஆண்டுக் குட்டிகளுக்கும் மேய்ச்சல் நிலம் வேண்டும். காவிரிக் கரையிலும் பொருநைக் கரையிலும் அந்த நிலம் நெல்லுக்குப் போய்விட்டது.

அடுத்தது தீனி. இறைச்சி கலந்த சோறு தரப்பட்டது என்கிறார் போலோ. வறுத்த தானியமும் காய்ச்சிய பாலும் என்கிறார் வஸ்ஸாஃப். அரிசியிலும் தவிட்டிலும் சுண்ணாம்புச் சத்துக் குறைவு, பாஸ்பரஸ் மிகுதி. இத்தீனியிலேயே வளரும் குதிரையின் உடல், குறையை ஈடுசெய்யத் தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை உறிஞ்சிக்கொள்ளும் என்பது இன்று கால்நடை மருத்துவத்தின் பாலபாடம். போலோ கண்ட வளைந்த கால்களுக்கு இது ஒன்றே காரணம் என்று தீர்ப்பளிக்க முடியாது; ஆனால் பழியைக் காற்றின்மீதும் வெயிலின்மீதும் மட்டும் போடுவதும் இனி இயலாது. குதிரைகளை நாற்பது நாள் முளையில் கட்டிவைத்து, பிறகு பழக்காமலேயே ஏறி விரட்டினார்கள் என்று வஸ்ஸாஃப் அங்கலாய்க்கிறார். லாடம் கட்டுவோர் இங்கு வந்துவிடாதபடி வணிகர்கள் பார்த்துக்கொண்டார்கள் என்கிறார் போலோ. குதிரை வந்தது, குதிரையை அறிந்தவன் வரவில்லை.

அரசு முனைந்திருந்தால் முடிந்திருக்குமா? கிழக்கிந்தியக் கம்பெனி முனைந்தது. 1808இல் பீகாரின் பூசா குதிரைப் பண்ணைக்குப் பொறுப்பேற்ற வில்லியம் மூர்கிராஃப்ட் முறையாகக் கால்நடை மருத்துவம் கற்றவர். தீனிக்கென ஓட்ஸ் பயிரிட்டார். அதுவும் போதாமல் நல்ல பொலிகுதிரைகளைத் தேடி 1825இல் புகாரா வரை சென்றார். எண்ணியது கிடைக்காமல் திரும்பும் வழியில் அவ்வாண்டே இறந்தார். பின்னர் சென்னை இராணுவம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த 'வேலர்' குதிரைகளை நாடியது. துறைமுகம் மாறியதே தவிர வழக்கம் மாறவில்லை.

இதே தமிழ் நிலம் காங்கேயம் காளையை உருவாக்கியிருக்கிறது என்பதை நாம் இங்கே நினைத்துப் பார்க்கவேண்டும். கொறங்காட்டில் வேலியடைத்து, கொழுக்கட்டைப்புல் மேயவிட்டு, கன்றின் தாயையும் பாட்டியையும் நினைவில் வைத்துப் பொலிக்கு விட்டவர்கள் நம் குடியானவர்கள். அரபுப் பாலைவனத்துப் பதூயின்களும் குதிரையின் வம்சத்தைத் தாய்வழியாகவே எண்ணினார்கள். இனவிருத்தி பற்றிய அறிவு இங்கே இல்லாமல் இல்லை. மாடு உழுபவன் வீட்டில் பிறந்தது. குதிரை அரண்மனையின் சொத்து. குடியானவனுக்கு அதில் பங்கும் இல்லை, பயனும் இல்லை. வாங்கியவனுக்கோ அதன் தாய் எது என்று தெரியாது.

ஒரு நல்ல இனம் உருவாக, அந்த விலங்கோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் வேண்டும். பாண்டியனிடம் பொன் இருந்தது. அந்த மனிதர்களும் அவன் நாட்டருகிலேயே, மாட்டுத் தொழுவங்களில் இருந்தார்கள். அவர்கள் பக்கம் குதிரை போகவேயில்லை.