ஏலம் போகாத கார்சன் சிட்டி வெள்ளி

நாணய ஏலத்தில் கேட்பாரின்றி நின்ற உருப்படியை, ஏலம் முடிந்தபின் அடிவிலைக்குப் பேசி எடுத்துக்கொள்வது சேகரிப்பாளர்களிடையே உள்ள வழக்கம். பெரும்பாலும் ஓரிரு காசுகளைப் பற்றிய பேச்சாகவே அது முடிந்துவிடும். 1974-இல் அமெரிக்க அரசின் கையில் அப்படி நின்றுபோனவையோ ஏறத்தாழ 10 லட்சம் வெள்ளி டாலர்கள்.

அவற்றில் பெரும்பாலானவை நெவாடா மாநிலத்துக் கார்சன் சிட்டியில் அடிக்கப்பட்டவை. அதன் அருகே 1859-இல் காம்ஸ்டாக் வெள்ளிப் படுகை வெளிப்பட்டது. 1870-இல் ஊரிலேயே ஒரு நாணயச் சாலை வேலையைத் தொடங்கியது. மாதந்தோறும் 20 முதல் 40 லட்சம் டாலர் மதிப்புள்ள வெள்ளியை வாங்கிக் காசாக அடிக்கும்படி 1878-இன் பிளாண்ட்-ஆலிசன் சட்டம் கருவூலத்தைக் கட்டாயப்படுத்தியது. சந்தை கேட்டு வந்த காசல்ல அது. சுரங்கக்காரர்களைத் திருப்திப்படுத்த வந்தது. ஜார்ஜ் மார்கன் வடிவமைத்த அந்த டாலரின் எடை 26.73 கிராம். பத்தை மடியில் கட்டினால் கால் கிலோவைத் தாண்டும். மக்கள் அதற்கு ஈடான வெள்ளிச் சான்றுத் தாளையே விரும்பினார்கள். காசு மூட்டை மூட்டையாகப் பெட்டகத்தில் தூங்கியது. 1918-இன் பிட்மன் சட்டத்தின்படி நாடெங்கும் 27 கோடி வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்ட பிறகும் மிச்சம் இருந்தது.

1960-களில் வெள்ளி விலை ஏறவே, சான்றுத் தாளைக் கொடுத்துக் காசு வாங்கக் கருவூல வாசலில் கூட்டம் கூடியது. 1964 மார்ச்சில் காசு கொடுப்பது நிறுத்தப்பட்டபோது சுமார் 30 லட்சம் எஞ்சியிருந்தன. அவற்றில் மிகப் பெரும்பகுதி கார்சன் சிட்டியின் ‘சிசி’ முத்திரை தாங்கியது. 1884-ஆம் ஆண்டுக் காசை மட்டும் எடுத்துக்கொண்டால், அடிக்கப்பட்ட 11,36,000-இல் 9,62,638 அப்படியே இருந்தன. அதாவது நூற்றுக்கு 84-க்கும் மேல்.

விற்பனைப் பொறுப்பு பொதுச் சேவைகள் நிர்வாகத்திடம் வந்தது. 1972 முதல் 1974 வரை அது தபால் வழியாக ஐந்து விற்பனைகளை நடத்தியது. முதல் விற்பனையில் 1882, 1883, 1884-ஆம் ஆண்டுக் காசுகளுக்கு அடிமட்டக் கேள்வி 30 டாலர். அப்போது ஒரு காசிலிருந்த வெள்ளியின் விலை சுமார் ஒன்றரை டாலர்தான். அருமையே இந்தக் காசின் மதிப்பு; லட்சக்கணக்கில் இருப்பு உண்டு என்று தெரிந்தபின் அந்த அருமை எங்கே நிற்கும்? ஆசைப்பட்டவர்கள் வாங்கி முடித்ததும் கேள்வி ஓய்ந்தது.

தனியார் ஏலக்கடையாக இருந்தால் மறுநாளே விலையைத் தளர்த்தித் தள்ளிவிட்டிருக்கும். அரசு அவசரப்படவில்லை, மீந்தவை கிட்டத்தட்ட ஆறு ஆண்டுகள் பெட்டகத்திலேயே கிடந்தன. அதற்கு மதிநுட்பத்தைவிட அலுவலக மந்தகதியே காரணமாக இருந்திருக்கலாம்.

1980 ஜனவரியில், பெரும் செல்வந்தர்களான ஹன்ட் சகோதரர்களின் வெள்ளிக் கொள்முதலால் வெள்ளி அவுன்சுக்கு 50 டாலரை நெருங்கியது. ஒரு காசில் இருப்பது 0.77 அவுன்ஸ் வெள்ளி. ஆக, முன்பு 30 டாலருக்குக் கேட்க ஆளில்லாத காசை உருக்கினாலே 38 டாலர் தேறும் நிலை. பிப்ரவரியில் கேள்வி முறையை விட்டு நிலையான விலையில் விற்பனை தொடங்கியது. ஆறாண்டு அசையாத 1883, 1884-ஆம் ஆண்டு மிச்சங்கள் தீர்ந்தன. 1880, 1881, 1885-ஆம் ஆண்டுக் காசுகள் ஜூலையில் மீண்டும் கேள்விக்கு வந்தன. அத்துடன் பெட்டகம் காலி. ஏழு விற்பனைகளிலும் சேர்ந்து அரசுக்கு வந்தது 10.7 கோடி டாலர்.

இதற்கிடையே, அந்த ஆண்டு மார்ச் 27-இலேயே வெள்ளி 11 டாலருக்கும் கீழே சரிந்திருந்தது. உலோகமாக நினைத்து வாங்கியவர்களுக்கு அது இடி. காசாக நினைத்து வாங்கியவர்கள் பெட்டியை மூடி வைத்துக்கொண்டார்கள். அரசு காசை வைத்து விற்ற அந்தக் கறுப்புப் பெட்டியோடு வரும் காசுக்கு இன்றைய நாணயச் சந்தையில் தனி மதிப்பு உண்டு.