ஊரப்பாக்கம் சேகர் எப்போது ஓய்வு பெற வேண்டும்?

போன சனிக்கிழமை ராத்திரி ஊரப்பாக்கம் சேகர் டெஸ்ட் கிரிக்கெட்டில் 9,412 ரன்னில் வந்து நின்றான். வயசு 34. இந்தியாவுக்கு நாலாவது ஆளாக இறங்குவான். இப்படி ஒரு ஆட்டக்காரரைக் கேள்விப்பட்டதே இல்லையே என்று தேட வேண்டாம். அவன் கூடுவாஞ்சேரியில் என் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறான். மெல்போர்னில் உள்ள பிக் ஆன்ட் ஸ்டூடியோஸ் 2014-ல் வெளியிட்ட 'டான் பிராட்மேன் கிரிக்கெட் 14' கேமில் நான் உருவாக்கிய ஆள். 16 வயசுப் பையனாகத் தொடங்கி, பல வருஷமாக சனிக்கிழமை ராத்திரிகளில் ஆடி ஆடி இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கிறேன்.

இப்போது கேள்வி, இவனை எப்போது ஓய்வு பெற வைப்பது? சிரிக்காதீர்கள். மூணு வாரமாக இதைத்தான் யோசிக்கிறேன். யோசித்ததில் கொஞ்சம் வரலாறும் படிக்க வேண்டியதாயிற்று. அந்தக் குறிப்புகள்தான் இது.

முதல் சேகர்

சேகருக்கு ஒரு பூர்வ ஜென்மம் உண்டு. 1994-ல் நான் எட்டாவது படித்தபோது புக் கிரிக்கெட்டில் பிறந்தவன் அவன். தெரியாதவர்களுக்கு: புத்தகத்தைக் கண்ணை மூடித் திறக்க வேண்டும், இடது பக்க எண்ணின் கடைசி இலக்கம்தான் ரன். 0 வந்தால் அவுட். 2, 4, 6 அப்படியே ரன். 8 வந்தால் எங்கள் வகுப்பில் ஒரு ரன். சமூக அறிவியல் புத்தகம்தான் எங்கள் சேப்பாக்கம். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் சேகரின் ஸ்கோர் எல்லாம் எழுதி வைத்திருந்தேன்.

இப்போது இன்ஜினியர் புத்தியோடு பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அவுட் ஆக ஐந்தில் ஒரு வாய்ப்பு. அதாவது அவுட் ஆவதற்குள் சராசரியாக நாலு தடவை ரன் கிடைக்கும். ஒரு தடவைக்கு சராசரி 3.25. ஆக சேகரின் சராசரி 13-ஐச் சுற்றித்தான் இருந்திருக்கும். நான் அவனைப் பெரிய பேட்ஸ்மேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன்!

முக்கியமான விஷயம் வேறு. புத்தகத்துக்கு ஞாபகம் கிடையாது. ஆயிரமாவது இன்னிங்ஸிலும் அதே ஐந்தில் ஒன்றுதான். என் நோட்டில் மேட்ச், ரன், அவுட் என்று கட்டம் போட்டிருந்தேன். வயசுக்குக் கட்டமே இல்லை. அதனால் சேகர் ஓய்வு பெறவே இல்லை. கோடை விடுமுறையில் அம்மா அந்த நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டதோடு கதை முடிந்தது.

வயசு எப்படி உள்ளே வந்தது

விளையாட்டை எண்ணாக மாற்றி வீட்டில் ஆடும் பழக்கம் அமெரிக்காவில் பேஸ்பாலில் நன்றாக வேரூன்றியது. 1961-ல் ஹால் ரிச்மேன் 'ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்' என்ற அட்டையும் தாயக்கட்டையும் வைத்து ஆடும் ஆட்டத்தை விற்க ஆரம்பித்தார். ஒவ்வொரு நிஜ ஆட்டக்காரருக்கும் ஒரு அட்டை. அடுத்த வருஷம் புது அட்டை. ஆள் தளர்ந்திருந்தால் அட்டையும் தளரும். நம் புக் கிரிக்கெட்டில் இல்லாதது இதுதான். 1971-ல் டான் டாக்லோ என்ற மாணவர் பொமோனா கல்லூரியின் கம்ப்யூட்டரில் பேஸ்பால் புரோகிராம் எழுதினார். 1980-களின் தொடக்கத்தில் பில் ஜேம்ஸ் என்பவர் எண்களை அலசி, பேட்ஸ்மேன்களின் உச்சம் சுமார் 27 வயது என்று சொன்னார். அதற்கு முன்பு பலரும் முப்பதை ஒட்டித்தான் உச்சம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

'எம்.எல்.பி. த ஷோ' மாதிரி பேஸ்பால் கேம்களில் ஆளை உருவாக்கி ஆடுகிறவர்களுக்கு ஓய்வு என்பது பெரிய முடிவு. காரணம் அங்கே நிஜத்தில் உள்ள ஒரு விதி. 'ஹால் ஆஃப் ஃபேம்' என்ற கௌரவப் பட்டியலுக்குப் போக குறைந்தது 10 சீசன் ஆடியிருக்க வேண்டும், ஓய்வு பெற்று 5 வருஷம் காத்திருக்க வேண்டும். அதனால் இன்னும் ஒரு வருஷம் ஆடி எண்ணைக் கூட்டுவதா, உச்சத்திலேயே நிறுத்துவதா என்ற கேள்வி அவர்களுக்கு ரத்தத்தில் இருக்கிறது. 1960-ல் டெட் வில்லியம்ஸ், 42 வயசில், சொந்த ஊர் மைதானத்தில் தன் கடைசி வாய்ப்பில் 521-ஆவது ஹோம் ரன் அடித்தார். அணிக்கு நியூயார்க்கில் இன்னும் ஆட்டங்கள் பாக்கி. அவர் போகவில்லை.

நம் பக்கம் மூன்று வழிகள்

நம் கிரிக்கெட் வரலாற்றைப் பார்த்தால், யார் முடிவு செய்கிறார் என்பதை வைத்து மூன்று வழிகள் தெரிகின்றன.

ஒன்று, உடம்பு. விஜய் மெர்ச்சன்ட் 1951 நவம்பரில் டெல்லியில் இங்கிலாந்துக்கு எதிராக 154 அடித்தார். வயசு 40. அதே ஆட்டத்தில் ஃபீல்டிங்கில் தோள்பட்டை போய்விட்டது. அதுவே கடைசி டெஸ்ட். எல்லா உடம்பும் இப்படிப் பேசுவதில்லை. இந்தியாவின் முதல் டெஸ்ட் கேப்டன் சி. கே. நாயுடு 60 வயசைத் தாண்டியும் ரஞ்சியில் ஆடினார்!

இரண்டு, தேர்வாளர்கள். இதற்கு நம் ஊர் வெங்கட்ராகவன்தான் பாடம். 1965-ல் சென்னையில் அறிமுகம், 1983-ல் ஜலந்தரில் கடைசி டெஸ்ட். 18 வருஷத்தில் 57 டெஸ்ட், 156 விக்கெட். நடுவில் எத்தனையோ தடவை உள்ளே, வெளியே. 1979-ல் இங்கிலாந்திலிருந்து திரும்பும் விமானத்திலேயே, கேப்டன் பதவி கவாஸ்கருக்குப் போய்விட்டது என்று பைலட் அறிவித்ததாக ஒரு கதை கிரிக்கெட் வட்டாரத்தில் ரொம்ப நாளாக உண்டு. அதற்குப் பிறகும் நாலு வருஷம் அந்த மனுஷர் ஆடினார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிறகு அம்பயராக 73 டெஸ்டில் நின்றார். ஆடியதைவிட அதிகம்.

இந்த விமானக் கதை எனக்கு ஏன் ஒட்டிக்கொண்டது என்றால், போன வருஷம் எங்கள் டீமில் என்னைவிட மூத்த இரண்டு பேருக்கு ஒரு புதன்கிழமை மீட்டிங் அழைப்பு வந்தது. கால் மணி நேரம். வெளியே வந்து லேப்டாப்பை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். எனக்கு 44 ஆகிறது.

மூன்று, தானே முடிவு செய்வது. கவாஸ்கர் தன் கடைசி டெஸ்டில், 1987 மார்ச்சில் பெங்களூரில், சுழன்று திரும்பிய ஆடுகளத்தில் 96 அடித்தார். சதத்துக்கு 4 ரன் பாக்கி, இந்தியா 16 ரன்னில் தோற்றது. என் கேமின் பெயரிலேயே இருக்கிற பிராட்மேனுக்கும் 1948-ல் ஓவலில் அதே 4 ரன்தான் வேண்டியிருந்தது, சராசரி 100 ஆக. இரண்டாவது பந்திலேயே பூஜ்யம். 99.94-ல் நின்றது. யாரும் அவரிடம் போய் இன்னும் ஒரு டெஸ்ட் ஆடிச் சரி செய்யுங்கள் என்று சொல்ல முடியவில்லை.

நம் காலத்தில் அஸ்வின். 2024 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் வங்கதேசத்துக்கு எதிராக 113 ரன், அடுத்து 88 ரன்னுக்கு 6 விக்கெட். மூன்றே மாதத்தில், டிசம்பர் 18 அன்று, பிரிஸ்பேன் டெஸ்ட் முடிந்த கையோடு, தொடர் பாதியில் இருக்கும்போதே சர்வதேசக் கிரிக்கெட்டுக்கு விடை சொன்னார். பெர்த்திலேயே இந்தப் பேச்சு வந்தது, பிங்க் பந்து டெஸ்ட் வரை இருக்கச் சொன்னேன் என்று ரோஹித் அப்போது சொன்னார். 106 டெஸ்ட், 537 விக்கெட். கும்ப்ளேயின் 619-க்கு 82 பாக்கி. உட்கார்ந்து எண்ணியிருந்தால் காரணம் கிடைத்திருக்கும். அவர் எண்ணவில்லை. எனக்கு அன்றைக்குக் கோபம்தான் வந்தது. இப்போது அப்படித் தோன்றவில்லை.

சேகருக்கு வருவோம்

சேகர் விஷயத்தில் உடம்பும் நான், தேர்வாளரும் நான், ஆட்டக்காரனும் நான். கடைசி 20 இன்னிங்ஸில் அவன் சராசரி 31. அதற்கு முன் 58. எக்செல்லில் எல்லாம் இருக்கிறது. ஆள் தளர்ந்துவிட்டான், இருந்தாலும் 10,000 வரை தள்ளிவிடலாம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் ஒன்பதாவது படிக்கும் என் பெண் கன்ட்ரோலரை வாங்கி ஆடினாள். அதே சேகர், அதே மைதானம், அதே கடினம். 140 அடித்துவிட்டு ஓம்வொர்க் எழுதப் போய்விட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. கணக்கில் சேராத தனி ஆட்டங்களாக ஆளுக்குப் பத்து இன்னிங்ஸ் வைத்துப் பார்த்தேன். என் சராசரி 29, அவள் சராசரி 61. சின்ன சாம்பிள்தான், தெரியும். ஆனால் ஒளிய இடமில்லை. தளர்ந்தது சேகர் இல்லை, என் கட்டைவிரல்.

"அப்பா, நீங்க ரிட்டையர் ஆயிடுங்க, சேகரை நான் ஆடறேன்" என்றாள்.

நியாயம்தான். ஆனாலும் ஆராய்ச்சி செய்கிறவன் மனசு கேட்கவில்லை. ரெண்டு பேர் கை அடித்த ரன்னை ஒருத்தன் கணக்கில் எழுதினால் அது ரெக்கார்டு இல்லை. 10,000-க்காக அவள் கையைக் கடன் வாங்குவதும் சரியில்லை. மெர்ச்சன்ட் சொன்னதாக ஒன்று சொல்வார்கள்: ஏன் போகிறாய் என்று கேட்கும்போதே போய்விடு, ஏன் இன்னும் போகவில்லை என்று கேட்கும் வரை இராதே என்று. சேகரைப் பற்றி இரண்டாவது கேள்வியைக் கேட்க ஆரம்பித்தது என் எக்செல்தான்.

நேற்று முடித்துவிட்டேன். எக்செல்லில் 'ஓய்வு' என்று ஒரு கட்டம் சேர்த்து, வயசு 34, ரன் 9,412 என்று எழுதினேன். 588 பாக்கி. 1994 நோட்டில் இல்லாத கட்டம் அது.

பெண் புதுசாக ஒரு ஆளை உருவாக்கிவிட்டாள். 16 வயசு, இடது கை, கூடுவாஞ்சேரி. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதுகிறேன்.