பல்கலைக்கழகத் தரமும் நம் சமுதாயமும்

கூலி நெல்லை முத்திரையிட்ட மரக்காலால் அளக்க வேண்டும் என்பது 1940களில் தஞ்சைப் பண்ணையாட்கள் எழுப்பிய கோரிக்கைகளுள் ஒன்று. உழைப்பு நம்முடையது, அளவோ பிறர் கையில் இருந்தது. கல்விக்கும் ஒரு மரக்கால் உண்டு. பட்டப் படிப்பின் தரம் என்பது அதுவே. அதனை வகுத்தோர் யாவர் என்பதைத் திருக்கடையூர் வட்டார இளைஞர்கள் அறிந்துகொள்ளுதல் நலம்.

சென்னைப் பல்கலைக்கழகம் இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு 1857இல் நிறுவப்பெற்றது. தொடக்கத்தில் அது பாடம் நடத்தவில்லை. பாடங்களை வரையறுத்தது, தேர்வு நடத்தியது, பட்டம் வழங்கியது. கற்பித்தல் கல்லூரிகளின் பணியாயிற்று. யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாத பிள்ளையும் அதன் முதற் பட்டதாரிகள் ஆயினர். அந்நாள் அரசு ஏடுகள் பஞ்சமர் எனக் குறித்த நம் மக்களின் கல்விக்கெனச் சென்னை அரசு தனி ஆணை பிறப்பித்ததோ 1893இல்! மாளிகையின் மேல்தளம் எழுந்து 36 ஆண்டுகள் கழிந்த பின்னரே நாம் ஏறுதற்குரிய முதற்படி வைக்கப்பெற்றது. தரம் வகுத்த அவையில் நம் குரல் ஒலிக்காமைக்கு வேறு காரணம் தேட வேண்டுவதில்லை.

கொள்ளிடத்திற்கு அப்பால், சிதம்பரத்தில், 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. மாணவர் தங்கிப் பயிலவும், பேராசிரியர் அங்கேயே கற்பிக்கவும் அமைந்தது அது. உயர்கல்வி நம் வட்டாரத்திற்கு அண்மையில் வந்தது. எனினும், அண்மை வேறு, உரிமை வேறு.

இவ்வேறுபாட்டைத் தெளிவாக உணர்ந்தவர் அண்ணல் அம்பேத்கர். 1923இல் இலண்டனிலும், 1927இல் கொலம்பியாவிலும் முனைவர் பட்டங்கள் பெற்ற அவர், பிறர் வகுத்த மிக உயர்ந்த அளவையும் எட்டிக் காட்டினார். அதனோடு அவர் நிறைவடையவில்லை. 1927இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் பல்கலைக்கழகத் திருத்த மசோதா விவாதத்திற்கு வந்தபோது, பல்கலைக்கழகப் பேரவையில் பிற்படுத்தப்பட்டோருக்கு இடம் வேண்டும் என வாதாடினார். உயர்கல்வியை ஏழையரின் வாயிலுக்குக் கொணர்வதே பல்கலைக்கழகத்தின் கடமை என்றார்.

உயர்கல்வித் தரத்தை ஒருங்கிணைத்து வரையறுக்கும் பொறுப்பை நம் அரசியலமைப்பு நடுவண் அரசின் பட்டியலில் 66ஆம் இனமாக வைத்துள்ளது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழிப் பல்கலைக்கழக மானியக் குழு அப்பணியைப் பெற்றது. எனினும், ஒரு பாடத்தில் எதனைப் படிக்க வேண்டும், எந்நூலை வைக்க வேண்டும், எவ்வாறு தேர்வு நடத்த வேண்டும் என்பவற்றைப் பெரும்பாலும் முதலில் வரைவது அந்தந்தப் பாடத்தின் பாடத்திட்டக் குழுவேயாகும். அக்குழுவில் அமர்வோர் அத்துறைப் பேராசிரியர்கள். உழவுத் தொழிலாளரின் வரலாறு பாடமாவதும் விடுபடுவதும் அம்மேசையில்தான்.

இளைஞர்களே! இட ஒதுக்கீடு நமக்குக் கல்லூரியின் வாயிலைத் திறந்தது. பட்டம் பெற்றவர் அளக்கப்படுகிறார். ஆய்வு செய்து ஆசிரியராய் உயர்ந்தவரே அளக்கும் இடத்தில் அமர்கிறார். ஆகவே, பட்டத்தோடு நின்றுவிடாதீர்! மரக்காலை உடைப்பது நம் நோக்கமன்று; அதில் நேர்மையின் முத்திரை விழச் செய்வதே நம் நோக்கம். பண்ணையில் நம் முன்னோர் கேட்டதும் அதுவே.