பிரெஞ்சில் கட்டளை கேட்கும் மென்பொருள்

போன வருஷம் கல்லறைத் திருநாள் விடுமுறைக்கு பிரான்ஸிலிருந்து தங்கை மகன் வந்திருந்தான். விடாத ஐப்பசி மழை. வெளியே போக வழியில்லாமல் மடிக்கணினியும் கையுமாக உட்கார்ந்திருந்தான். அங்கே ஒரு சங்கத்தின் வலைத்தளத்தை அவன்தான் பார்த்துக்கொள்கிறான். முகப்பில் 'புதியவை' என்ற இடத்திலும், கீழே பிரிவுவாரிப் பட்டியலிலும் ஒரே கட்டுரை இரண்டு தடவை வந்து நின்றது. அதைத் தடுக்க நாற்பது வரி நிரல் எழுதியும் சரிப்படவில்லை.

"அந்தக் கையேட்டைக் காட்டு" என்றேன்.

"இது கம்ப்யூட்டர் சமாச்சாரம் மாமா, உங்களுக்குப் புரியாது."

கையேடு நான் படித்த மொழியில்தான் இருந்தது. அரை மணி நேரத்தில் 'தூப்ளோன்' என்ற சொல் கண்ணில் பட்டது. இரட்டிப்பாக வந்தவை என்று அர்த்தம். இரண்டு பட்டியலிலும் அந்த ஒரு சொல்லைச் சேர்த்தால், மேலே வந்துவிட்ட கட்டுரையைக் கீழே தானாகவே விட்டுவிடும். நாற்பது வரியையும் அழித்தான். தபால் பிரிவில் நாங்கள் சிவப்புப் பென்சிலால் டிக் போட்டுச் செய்துவந்த வேலைதான் அது.

அந்த மென்பொருளின் பெயர் ஸ்பிப். வலைத்தளத்தில் கட்டுரைகளை ஏற்றி, அடுக்கி, பக்கமாக்கிக் காட்டுவது அதன் வேலை. பிரான்ஸில் 'மினிரேஸோ' என்றொரு சிறு குழு இருந்தது. இணையம் வியாபாரிகள் கைக்குப் போகக்கூடாது என்று 1997இல் சுதந்திர வலைத்தளங்களுக்காக ஓர் அறிக்கை வெளியிட்டவர்கள். 'உஸீன்' என்ற இணைய இதழையும் நடத்தினார்கள். அதற்காக எழுதிய நிரலைத்தான், யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2001 ஜூலை 1 அன்று ஸ்பிப் என்ற பெயரில் வெளியிட்டார்கள். 'லு மோந்த் திப்ளோமாத்திக்' பத்திரிகையின் தளமும் அதில்தான் நடந்தது. அதன் சின்னம் ஒரு பறக்கும் அணில். ஸ்பிரூ சித்திரக்கதை படித்தவர்களுக்கு அதில் வரும் அணிலின் பெயரும் ஸ்பிப் என்பது நினைவிருக்கும்.

கட்டளைகள் எல்லாமே பிரெஞ்சுச் சொற்கள். பக்க அமைப்புக்கு 'ஸ்கெலேத்', அதாவது எலும்புக்கூடு. திரும்பத் திரும்ப நடக்கும் வேலைக்கு 'பூக்ல்', அதாவது வளையம். தலைப்பு வரவேண்டிய இடத்தைக் குறிப்பது 'பலீஸ்'. கடலில் கப்பலுக்கு வழிகாட்டும் மிதவைக்கும் அதே பெயர்தான். பிரெஞ்சு பேசாத நாடுகளில் ஸ்பிப் அதிகம் பரவாததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

பத்திரிகை நடத்தியவர்கள் செய்தது என்பது அதன் சின்னச் சின்ன வசதிகளில் தெரிகிறது. பிரெஞ்சில் கேள்விக்குறிக்கும் ஆச்சரியக்குறிக்கும் முன்னால் இடம் விடவேண்டும். அதை மறந்ததற்காகப் பள்ளியில் நான் வாங்கிய பிரம்படிக்குக் கணக்கில்லை. ஸ்பிப் அந்த இடத்தைத் தானே விடுகிறது. குறி மட்டும் தனியாக அடுத்த வரிக்கு நழுவாமலும் பிடித்துவைக்கிறது. எங்கள் அலுவலகத்துப் பிரெஞ்சுத் தட்டச்சு இயந்திரத்தில், மேலே கோடு போட்ட சின்ன எழுத்து உண்டு. அதற்குரிய பெரிய எழுத்து கிடையாது. அதனால் பெயர்களைப் பெரிய எழுத்தில் அடிக்கும்போது கோடுகளை விழுங்கிவிடுவோம். ஸ்பிப்பின் 'மழுஸ்கூல்' கோட்டை விடாமல் பெரிய எழுத்தாக்குகிறது. 'கூப்பே' என்றால் நீளமான கட்டுரையைச் சொல்லை உடைக்காமல் நறுக்கும். ஒரு கட்டத்தில் தகவலே இல்லாவிட்டால் என்ன போடுவது என்று 'சினோன்' மூலம் சொல்லிவைக்கலாம். படிவங்களில் 'இல்லை' என்று எழுதி நிரப்பியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

மருமகனுக்குத் தெரியாத இன்னொன்றும் கிடைத்தது. 'செசோன்' என்று ஒரு கட்டளை. தேதியைக் கொடுத்தால் அது எந்தப் பருவம் என்று சொல்லும். அன்றைய தேதியைப் போட்டுப் பார் என்றேன். திரையில் 'ஓத்தோன்' என்று வந்தது, இலையுதிர்காலம். வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றிருந்தது.