குறுவட்ட ஒலிபரப்பும் கிளைமொழியும்: இந்தியச் சமுதாய வானொலி உரிமத்தின் வரலாறு

இந்திய வானொலியில் மொழி என்னும் பொருள்பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அகில இந்திய வானொலியோடு நின்றுவிடுகின்றன. 23 மொழிகளிலும் 179 கிளைமொழிகளிலும் ஒலிபரப்புவதாக அந்நிறுவனம் கூறிவந்துள்ளது. 1961ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1652 தாய்மொழிப் பெயர்கள் பதிவாயின என்பதை இதனருகே வைத்து நோக்கினால் இடைவெளி புலப்படும். அவ்விடைவெளியின் ஒரு சிறுபகுதியை நிரப்ப முற்பட்டவை, நூறு வாட் ஆற்றல் மட்டுமே பெற்ற சமுதாய வானொலி நிலையங்கள். அவை பெற்ற உரிமமும், உரிமத்தோடு சேர்த்துப் பெற்ற எல்லையும் மொழியியலார் கருதத்தக்கவை.

1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டத்தின் வழியாக வானலை அரசின் தனியுரிமையாக நெடுங்காலம் இருந்தது. 1995 பிப்ரவரி 9இல் உச்ச நீதிமன்றம், வானலைகள் பொதுச்சொத்து எனத் தீர்ப்பளித்தது. கிரிக்கெட் ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பும் உரிமை குறித்து எழுந்த வழக்கு அது. சிற்றூர்ப் பெண்களின் பேச்சு வழக்கு வானேறுவதற்கு அதுவே வாயிலாயிற்று என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. எனினும் வாயில் உடனே திறக்கவில்லை. முதலில் வணிக நிறுவனங்கள் நுழைந்தன. 2002 இறுதியில் கல்வி நிறுவனங்களுக்கு வாய்ப்பளிக்க அரசு இசைந்தது. 2004 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழக நிலையம் ஒலிக்கத் தொடங்கிற்று. ஊர்மக்கள் அமைப்புகளுக்கு அப்போதும் இடமில்லை.

இக்காத்திருப்பின் பொருளை மாச்சனூர் நன்கு உணர்த்தும். அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் மேதக் மாவட்டத்தில், ஜஹீராபாதுக்கு அருகில் உள்ள சிற்றூர் அது. இன்று தெலங்கானாவைச் சேர்ந்தது. அங்கு டெக்கான் டெவலப்மெண்ட் சொசைட்டி என்னும் தொண்டு நிறுவனத்தோடு இணைந்த தலித் பெண் உழவர்களுக்காக, யுனெஸ்கோவின் உதவியுடன் 1998இல் ஒலிப்பதிவு நிலையம் அமைந்தது. உரிமம் மட்டும் இல்லை. பெண்கள் நிகழ்ச்சிகளை நாடாக்களில் பதிவுசெய்தனர். அவை ஊர்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சங்கக் கூட்டங்களில் ஒலிக்கப்பட்டன. 2000 ஜூலையில் அருகிலுள்ள பஸ்தாபூரில் கூடிய கூட்டம், அரசு, வணிகம் ஆகிய இரண்டுக்கும் அப்பால் மூன்றாவது அடுக்காகச் சமுதாய வானொலி ஏற்கப்பட வேண்டும் என வலியுறுத்திற்று. தொண்டு அமைப்புகளுக்கு இடமளித்த வழிகாட்டு நெறிகள் 2006 நவம்பரில்தான் வந்தன. 'சங்கம் ரேடியோ' 2008 அக்டோபர் 15இல் வானேறியது. கருவிகள் அமைந்தபின் பத்தாண்டுகள் கழிந்திருந்தன.

அப்பெண்கள் பேசியது தெலங்கானத் தெலுங்கு. தரமொழி எனக் கருதப்பட்டது கிருஷ்ணா, குண்டூர், கிழக்கு, மேற்குக் கோதாவரி ஆகிய கடலோர மாவட்டங்களின் வழக்கை அடியொற்றியது. நிஜாம் ஆட்சிக்காலத்து உருதுச் சொற்கள் செறிந்த தெலங்கான வழக்கு நெடுங்காலம் கொச்சையெனத் தாழ்த்தப்பட்டது. வேளாண் அறிவிப்புகளில் வரும் 'கரீஃப்', 'ரபி' என்பவற்றை அவ்வழக்கினர் 'வானாகாலம்', 'யாசங்கி' என்பர். இவை வெறும் மாற்றுச் சொற்கள் அல்ல. விதைப்பு, தானியம், உணவு பற்றிய அறிவு முழுவதும் இத்தகைய சொற்களில்தான் தங்கியிருந்தது. அவற்றைத் திருத்தாமல் ஒலிபரப்புவதே அந்நிலையத்தின் மொழிக்கொள்கையாக அமைந்தது எனலாம்.

2006 நெறிகள் வீச்சினை 5 முதல் 10 கிலோமீட்டர் எனக் கருதி, உமிழாற்றலின் உச்சத்தை 100 வாட் என்றும், அலைவாங்கிக் கோபுரத்தின் உயரத்தை 30 மீட்டருக்கு மிகாமலும் வரையறுத்தன. தேவை மெய்ப்பிக்கப்பட்டால் 250 வாட் வரை கருதப்படலாம். நிகழ்ச்சிகளில் பாதியேனும் உள்ளூர் மக்களின் பங்கேற்பில் உருவாக வேண்டும். அவை உள்ளூர் மொழியிலோ கிளைமொழியிலோ இருத்தல் விரும்பத்தக்கது என்றும் கூறின. பத்துக் கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 314 சதுர கிலோமீட்டர். கேட்போர் அனைவரும் ஒரே வழக்கினர் என எண்ணிப் பேசுவதற்கு அச்சிறுமை துணைநின்றது. வீச்சு விரிந்திருப்பின் பொதுமொழியின் ஈர்ப்புக்கு நிலையம் ஆட்பட்டிருக்கக் கூடும்.

ஆயின் கிளைமொழி எல்லை வட்டமாக அமைவதில்லை. பண்பலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வதால், கட்வால் போன்ற மலைப்பகுதியில் ஒரே வழக்கைப் பேசும் அடுத்த பள்ளத்தாக்குக்கும் எட்டாது. வயநாட்டில் பணியர் குடியிருப்புகள் மலையாளம் பேசும் ஊர்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. எந்த வட்டம் வரைந்தாலும் அதனுள் அவர்கள் சிறுபான்மையரே. 2009இல் மானந்தவாடி அருகே தொடங்கிய 'ரேடியோ மாற்றொலி' போன்ற நிலையங்களில் பழங்குடி மொழி தனி நிகழ்ச்சியாகவே இடம்பெற இயலும். நூறு வாட் என்னும் அளவு மொழிநிலப்படத்தைப் பார்த்து வகுக்கப்பட்டதன்று.

பெயர் பற்றியும் ஒன்று கூறலாம். தமிழில் 'சமுதாய வானொலி', 'சமூக வானொலி' இரண்டும் வழங்குகின்றன. தமிழக அலுவலக வழக்கில் 'கம்யூனிட்டி' சாதியையே சுட்டும். 'சமூகம்' என்பதற்கும் அச்சாயல் உண்டு. அந்நோக்கில் 'சமுதாயம்' பொருத்தமானது. மாச்சனூர்ப் பெண்கள் தம் குழுவின் பெயராகிய 'சங்கம்' என்பதையே கொண்டு இச்சிக்கலைக் கடந்தனர்.

மொழிபெயர்ப்பாளர் நோக்கவேண்டிய விதி வேறொன்று உண்டு. 2006இல் செய்திகளுக்கு முழுத்தடை இருந்தது. பின்னர்ச் செய்யப்பட்ட திருத்தம், அகில இந்திய வானொலியின் செய்தியை உள்ளவாறோ உள்ளூர் மொழியிலோ கிளைமொழியிலோ பெயர்த்தோ ஒலிபரப்ப இசைந்தது. பெயர்ப்பில் செய்தி சிதையாமல் காப்பது நிலையத்தின் பொறுப்பு. ஒருமொழிக்குள் நிகழும் பெயர்ப்பில் சிதைவு எது? 'கரீஃப்' என்பதை 'வானாகாலம்' என்பது சிதைவன்று. ஆனால் அறிக்கை நடையைப் பேச்சு நடையாக்கும்போது, சொல்வோரின் ஐயமும் உறுதியும் வினைமுற்றிலேயே வெளிப்பட்டுவிடும். இதற்கு அளவுகோல் எதனையும் விதி தரவில்லை. பெயர்ப்போருக்குக் கிளைமொழி அகராதியும் பெரும்பாலும் இல்லை.

2024 அளவில் நாட்டில் ஏறத்தாழ 500 நிலையங்கள் இயங்கின. அவற்றில் நாள்தோறும் ஒலிக்கும் பேச்சு, கள ஆய்வாளர் எளிதில் திரட்ட இயலாத இயல்பான தரவு. ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளை மூன்று மாதம் பாதுகாக்க வேண்டும் என்பது 2006 நெறிகளின் விதி. முறையீடு எழுந்தால் சரிபார்ப்பதற்கு அக்காலம் போதும். அதன்பின் அப்பதிவுகளை வைத்திருப்பதோ அழிப்பதோ நிலையத்தின் சேமிப்பு வசதியைப் பொறுத்தது.